அடிக்கணக்கை நம்பாதீர்கள்: நெல்லைச் சீமையில் தோட்டத்துக்கு வேலி, பந்தல், கொட்டகை போட ஒரு முழுமையான வழிகாட்டி

என் தோட்டத்துக் கேட் இன்றைக்கும் தரையை உரசிக்கொண்டுதான் திறக்கிறது. ஆலங்குளத்துக்கு மேற்கே பத்து சென்ட் செம்மண் நிலம் அது. வேலி போட வந்தவர் 'அடிக்கு இவ்வளவு' என்று ஒரே வரியில் விலை சொன்னார், நானும் தலையாட்டினேன். குழி எவ்வளவு ஆழம், மூலைத் தூணைச் சாய்வாகத் தாங்கும் முட்டுக்கால் உண்டா, கலவைக்கு சிமெண்ட் யார் செலவு என்று ஒன்றும் கேட்கவில்லை. சித்திரையில் வேலை முடிந்தது. ஆடிக்காற்று எழும்பிய இரண்டாவது வாரம் கேட் தூண் சாய்ந்தது. தோண்டிப் பார்த்தால் குழி முக்கால் அடிதான். மேலே ஒரு சட்டி கலவையைப் பூசி மூடிவிட்டுப் போயிருந்தார்கள்.

அதில் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அடிக்கு விலை பேசினால் அடியை மட்டும்தான் அளந்து தருவார்கள். வேலியின் பலமும் செலவும் இருப்பது குழியில், மூலையில், கேட்டில். அந்த மூன்றும் அடிக்கணக்குக்குள் வருவதில்லை. அதன் பிறகு உறவுக்காரர்களுக்காக மூன்று வேலிகளையும் ஒரு கொட்டகையையும் கூடவே நின்று போட்டுக் கொடுத்தேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

எல்லைக் கல்லைப் பார்க்காமல் ஒரு கம்பியும் வாங்க வேண்டாம்

பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புலப்படத்தில் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் மீட்டரில் போட்டிருக்கும். அதை நிலத்தில் நாடா பிடித்து அளந்து பாருங்கள். கல் காணவில்லை என்றாலோ, கூட்டுப் பட்டா என்றாலோ, பணம் கட்டி நில அளவரை வரவழைப்பதுதான் வழி. 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. எல்லைக் கல்லைப் பிடுங்குவதோ நகர்த்துவதோ குற்றம்.

அளக்கும் அன்று பக்கத்து நிலத்துக்காரர் கூட நிற்கட்டும். முதல் நாளே அவர் வீட்டுக்குப் போய், "அண்ணாச்சி, நாளைக்குக் காலையில் அளக்க வருகிறார்கள், நீங்களும் ஒரு எட்டு வந்து நின்றுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்த ஒரு வார்த்தை பத்து ஆண்டு வழக்கை மிச்சப்படுத்தும். வேலியைக் கல்லுக்கு நேராகப் போடாமல் அரை அடி உள்ளே தள்ளிப் போடுங்கள். தூணுக்குக் கட்டும் கான்கிரீட்டும் முட்டுக்காலும் உங்கள் நிலத்திலேயே நிற்கும்; உயிர்வேலி வளர்க்கவும் இடம் கிடைக்கும்.

ஓடை, வாய்க்கால் புறம்போக்கு ஒட்டிய நிலமாக இருந்தால் அதன் அகலத்தையும் புலப்படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து வருடமாகத் தண்ணீர் வராத ஓடை என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் எத்தனையோ சுற்றுச்சுவர்கள் ஒரே இரவில் படுத்துவிட்டன. மழைநீர் போகும் பாதையில் சுவர் வைத்தால் அது அணையாகிவிடும். அங்கே கம்பி வேலிதான் சரி. சுவர்தான் வேண்டும் என்றால் அடிமட்டத்தில் பத்தடிக்கு ஒரு நீர்த்துளையாவது விட வேண்டும். பஞ்சாயத்து அனுமதி தேவையா என்பதையும் அஸ்திவாரம் தோண்டும் முன்பே கேட்டு முடித்துவிடுங்கள்.

நிலத்தின் வடிவம் பணத்தைத் தின்னும்

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பத்து சென்ட் 4,356 சதுர அடி. அது சரியான சதுரமாக இருந்தால் பக்கம் 66 அடி. சுற்றளவு 264 அடி. அதே பத்து சென்ட் ரோட்டோரம் 33 அடி முகப்பும் 132 அடி நீளமுமாக இருந்தால் சுற்றளவு 330 அடி. நிலம் அதேதான்; வேலி மட்டும் 66 அடி கூடுகிறது, அதாவது நாலில் ஒரு பங்கு. 'பத்து சென்டுக்கு வேலி எவ்வளவு ஆகும்?' என்று யாராவது கேட்டால், விலை சொல்வதற்கு முன் நிலம் நீளமா சதுரமா என்று திருப்பிக் கேளுங்கள்.

ஒரு கட்டம் போட்ட நோட்டில் நிலத்தை வரையுங்கள். கட்டத்துக்கு நான்கு அடி என்று வைத்துக்கொண்டால் போதும். கிணறு, மோட்டார் அறை, மின்கம்பம், இருக்கிற மரங்கள், மேற்குத் திசை எல்லாவற்றையும் குறியுங்கள். கேட் எங்கே என்பதை வண்டியை வைத்து முடிவு செய்ய வேண்டும். சின்ன சரக்கு வண்டிக்குப் பத்தடி போதும். டிராக்டர் டிரெய்லரோடு திரும்ப வேண்டுமானால் 12 அடி வேண்டும். குறுகிய தெருவாக இருந்தால் அதற்கும் மேலே. பின்னால் கொட்டகைக்குத் தூண் இறக்க லாரி வரும். அன்றைக்கு வேலியைப் பிரிக்கிற நிலை வரக்கூடாது.

மண்ணைத் தோண்டிப் பார்

நெல்லைச் சீமையில் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் மண் மூன்று தடவை மாறும். ஆகவே வேலி எப்படிப் போடுவது என்று பக்கத்து ஊரில் கேட்டுக்கொண்டு வந்த ஆழத்தை அப்படியே உங்கள் நிலத்தில் போட முடியாது. கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்து, நான்கு மூலையிலும் நடுவில் ஓரிடத்திலும் இரண்டடிக் குழி வெட்டிப் பாருங்கள். ஒரு நாள் கூலிதான் செலவு.

ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்துச் செம்மண் நல்ல பிடிமானம் தரும். ஆனால் அரையடிக்குக் கீழே சுக்கான் பாறை (சுண்ணாம்புப் பாறை) தட்டுப்பட்டால் கடப்பாரை துள்ளும், குழிக்கூலி இரட்டிப்பாகும். பாறை உடைக்க கம்ப்ரசர் வண்டி கூப்பிட வேண்டியும் வரலாம். எத்தனை குழியில் பாறை இருக்கும் என்பதை அந்த ஐந்து சோதனைக் குழிகளே சொல்லிவிடும்.

சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வேறு ஜாதி. மழையில் ஊதும், கோடையில் ஆள் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த அசைவில் தூண் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஆடிக் கடைசியில் சாயும். அங்கே ஆழம் இரண்டரை அடிக்குக் குறையக் கூடாது. குழியின் அடியில் அரையடி ஆற்றுமணலோ எம்-சாண்டோ போட்டுத் தட்டி, அதன் மேல் கான்கிரீட் போட்டால் நிற்கும். சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலில் குழி வெட்ட வெட்ட ஓரம் சரிந்துகொண்டே இருக்கும். ஆழத்தைவிட அகலமான கான்கிரீட் அடிப்பாகம்தான் அங்கே காப்பாற்றும். ஆற்றங்கரை வண்டல் தோண்டச் சுகம், மழையில் குழைந்துவிடும்.

காலத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து மண்ணில் ஈரம் இருக்கிற தை மாதம்தான் குழி வெட்ட ஏற்றது. சித்திரைச் செம்மண்ணில் கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கும். மாசி, பங்குனியில் பிசான நெல் அறுவடை வந்துவிட்டால் ஆற்றுப் பாசனப் பக்கம் ஆள் கிடைப்பது கடினம். தையில் தூண் ஊன்றினால் ஆனி, ஆடிக் காற்று வருவதற்குள் கான்கிரீட் நன்றாக இறுகியிருக்கும்.

எந்த வேலி?

உயிர்வேலிதான் மலிவு, நீடிக்கும், நிழலும் தரும். ஆனால் பொறுமை வேண்டும். கிளுவைப் போத்தை (நடுவதற்கான கிளைத்துண்டை) வெட்டி, ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசி கடைசியில் முக்கால் அடிக்கு ஒன்றாக நட்டால் துளிர்த்துவிடும். ஆடு நுழையாத அளவுக்கு அடர இரண்டு, மூன்று மழையாவது ஆகும். கொடுக்காப்புளி முள் நல்ல காவல். ஆண்டுக்கு இரண்டு தடவை கவாத்து செய்யாவிட்டால் பக்கத்து நிலத்துக்காரரோடு சண்டை வரும். நொச்சியும் ஆடாதொடையும் ஆடு கடிக்காத செடிகள், ஆனால் தடுப்பு பலம் குறைவு. பனங்கொட்டை ஊன்றுவது பேரப்பிள்ளைகளுக்குச் செய்யும் வேலை. ஊன்றுங்கள், இன்றைய காவலுக்கு அதை நம்பாதீர்கள்.

முள்கம்பி வேலி செலவு குறைவு. மாட்டைத் தடுக்கும், ஆட்டுக்குட்டியையும் நாயையும் தடுக்காது. காய்கறித் தோட்டத்துக்குக் கம்பி வலைதான் வேண்டும். அதற்குத் தூண் கல்காலா சிமெண்ட் தூணா என்றால், என் ஓட்டு கல்காலுக்கு. சிமெண்ட் தூண் உள்ளே இருக்கும் கம்பியைப் பொறுத்தது. கடலோரம் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்தால் தூண் வெடித்து உதிரும். கல்லுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் கல்லில் வரிவெடிப்பு இருக்கும். லாரியிலிருந்து இறக்கும்போதே சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். நல்ல கல் கணீரென்று பாடும். வெடித்த கல் தொப்பென்று பதில் சொல்லும். அதைத் திருப்பி லாரியிலேயே ஏற்றிவிடுங்கள்.

களக்காடு, பாபநாசம், கடையம், புளியங்குடி என்று மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குப் பன்றிதான் தலைவலி. சில இடங்களில் யானையும் வரும். பன்றி வலைக்கு அடியில் மண்ணைக் கிளறி நுழையும். ஆகவே வலையின் அடிப்பகுதியை அரையடி மண்ணுக்குள் புதைக்க வேண்டும், அல்லது அடியில் கல் வரிசை வைக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக் கம்பியில் கொடுப்பது சட்டவிரோதம். இரவில் மோட்டார் போடப் போகும் உங்கள் வீட்டு ஆளே அதில் மாட்டி உயிரை விடலாம். துடிப்பு மட்டும் கொடுக்கும் சூரிய மின்வேலி வேறு. மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த 2023-இல் தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்திருக்கின்றன; அமைக்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தூணை எண்ணுவதுதான் பட்ஜெட்

சதுரமான அந்தப் பத்து சென்டையே எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 264 அடி, கேட் பத்தடி போக 254 அடி. தூணுக்குத் தூண் எட்டடி. 254-ஐ எட்டால் வகுத்தால் 32 இடைவெளி; எனவே கேட் ஓரத் தூண்கள் இரண்டையும் சேர்த்து 33 தூண். நான்கு மூலைக்கும் இரு பக்க முட்டுக்கால் எட்டு. கேட் ஓரத் தூண்களுக்கு ஒன்றாக இரண்டு. மொத்தம் 43. உடைசலுக்கு இரண்டு சேர்த்து 45 வாங்குங்கள். எனக்கு வேலி போட்டவர் முட்டுக்கால் பத்தையும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வலையை இழுத்துக் கட்டும்போது இழுவை முழுவதும் மூலைத் தூணில்தான் இறங்கும்; முட்டு இல்லாத மூலை உள்ளே சாய்ந்துவிடும், வலை தொங்கும்.

தூண் ஏழு அடி. இரண்டடி மண்ணுக்குள், ஐந்தடி மேலே. ஓரடிக்கு ஓரடி குழி, இரண்டடி ஆழம். இந்த 43 குழிக்கும் 1:3:6 கலவையில் (சிமெண்ட் ஒன்று, மணல் மூன்று, ஜல்லி ஆறு) ஏறத்தாழ பத்து மூட்டை சிமெண்ட் பிடிக்கும்.

வலை விஷயத்தில் ஒரு தந்திரம் சொல்கிறேன். கம்பியின் கேஜ் எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 12 கேஜ் கம்பி 2.64 மி.மீ., 10 கேஜ் கம்பி 3.25 மி.மீ. அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் எடை ஒன்றரை மடங்கு. ஐந்தடி உயரம், மூன்று அங்குலக் கண் என்றால், 254 அடிக்கு 12 கேஜில் சுமார் 135 கிலோ, 10 கேஜில் சுமார் 200 கிலோ வரும். கடைக்காரர் அடிக்கணக்கில் விலை சொன்னால், கிலோக் கணக்கில் கேளுங்கள். சுருளை எடை போட்டு வாங்குங்கள். 10 கேஜ் என்று விலை வாங்கி 12 கேஜ் தந்தால் தராசில் உடனே தெரிந்துவிடும்.

இப்போது கணக்கு. இந்த விலைகள் முறையைக் காட்ட நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கடையில் கேட்ட விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தூண் ஒன்று 400 ரூபாய் வீதம் 45-க்கு 18,000. குழி வெட்டி ஊன்றும் கூலி ஒன்றுக்கு 250 வீதம் 43-க்கு 10,750. சிமெண்ட், ஜல்லி, மணல் 10,000. 12 கேஜ் வலை கிலோ 110 வீதம் 135 கிலோவுக்கு 14,850. வலையைத் தாங்கும் மூன்று வரிக் கம்பியும் மேலே இரண்டு வரி முள்கம்பியும் 30 கிலோ, 3,300. வலை கட்டும் கூலி அடிக்கு 15 வீதம் 3,810. புதர் நீக்கவும் வண்டி வாடகைக்கும் 6,500. இதுவரை 67,210.

கேட்? இரும்புக் கேட்டும் அதைத் தாங்கும் கான்கிரீட் தூண் இரண்டும் சேர்த்து 37,000 என்று வைத்தால், மொத்தம் 1,04,210. பாருங்கள், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கேட்டிலேயே போகிறது. கேட்டைச் சேர்க்காமல் 254 அடிக்குக் கணக்கிட்டால் அடிக்கு 265 ரூபாய், சேர்த்து 264 அடிக்குக் கணக்கிட்டால் 395. முதலில் சொன்ன 'அடிக்கு இவ்வளவு' என்பதில் எது உள்ளே, எது வெளியே என்று தெரியாமல் தலையாட்டினால் இதுதான் நடக்கும். இதற்கு மேல் நூற்றுக்குப் பதினைந்து தனியாக ஒதுக்குங்கள். அதாவது சுமார் 1,20,000 கையில் இருந்தால்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பணம் பாதியில் தீர்ந்தால் மூன்று பக்கம் வேலியும் ஒரு பக்கம் திறப்புமாக நிற்கும். ஆட்டுக்கு அந்த ஒரு பக்கம் போதும்.

கையில் பணம் குறைவு என்றால் தூணின் ஆழத்தையும் மூலையையும் குறைக்காதீர்கள். கேட்டை இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டு, இப்போதைக்கு மூங்கில் படல் வைக்கலாம். வலையை நான்கடிக்குக் குறைக்கலாம். பின்பக்கம் பக்கத்துத் தோட்டத்தின் வேலி நன்றாக இருந்தால் செலவைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேட்கலாம். அதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காற்றும் மழையும் வேறு வேறு திசை

செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுக்கும். தோட்டத்துக் கொட்டகைக்குச் சோதனை கொடுக்கும். ஆனி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். கயத்தாறு, பணகுடிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையோ கிழக்கிலிருந்து சாய்ந்து வரும். கொட்டகை இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். மேற்குப் பக்கச் சுவரைத் தாழ்வாக வைத்து மூடுங்கள், கூரை மேற்கே தாழ்ந்து கிழக்கே உயரட்டும், வாசல் கிழக்கே. மழைச் சாரல் உள்ளே அடிக்காமலிருக்கக் கிழக்கே கூரையை இரண்டடி வெளியே நீட்டிவிடுங்கள். மேற்கே திறந்து கிழக்கே மூடிய கொட்டகைக்குள் காற்று புகுந்தால் வெளியேற வழியில்லாமல் கூரையைத் தூக்கிக்கொண்டு போகும். நானே ஒரு தகரத்தை முந்நூறடி தள்ளி வாழைத் தோப்பில் பொறுக்கியிருக்கிறேன்.

தகரத்துக்கு ஆணியை நம்ப வேண்டாம். ரப்பர் வாஷர் வைத்த திருகாணி போடுங்கள். தூணை அஸ்திவாரக் கான்கிரீட்டோடு இரும்புத் தகடு வைத்து இணைக்க வேண்டும். மரத்தூண் என்றால் நேராக மண்ணில் நடாதீர்கள், கறையான் தின்றுவிடும்; தரைக்கு மேல் ஓரடிக் கல்பீடம் வைத்து அதன் மேல் நிறுத்துங்கள். பனங்கை, பனஞ்சட்டம் எல்லாம் வைரம் பாய்ந்த பழைய மரமாகக் கிடைத்தால் விடாதீர்கள். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. எனவே பழைய ஓட்டு வீடு இடிக்கும் இடங்களில் விசாரிப்பதுதான் நல்லது. ஓலைக் கூரைதான் குளிர்ச்சி. தென்னங்கீற்று ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு ஆண்டு. பனையோலை அதைவிடக் கூடுதலாக உழைக்கும்.

கொடிப்பந்தலுக்குக் கல்கால் ஊன்றிக் கம்பி இழுத்தால் போதும். பாகலும் புடலையும் காய்த்துத் தொங்கும்போது பாரம் கூடும், ஆகவே ஓரத் தூண்களுக்கு வெளிப்பக்கம் இழுகம்பி கட்டி மண்ணில் ஒரு கல்லைப் புதைத்துப் பிணையுங்கள். நிழல்வலை போடுகிறவர்கள் ஆடியில் அதைச் சுருட்டி வைக்கும்படியே கட்ட வேண்டும்.

ஆளும் பணமும்

வேலைக்காரரிடம் பேசும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: தூண் எண்ணிக்கை, குழியின் ஆழம், சிமெண்ட் யார் பொறுப்பு, வலையின் கேஜும் எடையும், கேட் தூணின் அளவு. நூல் பிடித்து மூலைமட்டம் பார்க்கும்போது அங்கேயே நில்லுங்கள்: மூலையிலிருந்து ஒரு பக்கம் ஆறடி, மறுபக்கம் எட்டடி குறித்து, குறிகளுக்கு இடையே பத்தடி வந்தால் மூலை சரி. குழி வெட்டியதும் தூண் நிறுத்தும் முன் ஒரு கம்பியை விட்டு ஆழம் பாருங்கள். ஒவ்வொரு குழியையும் பார்க்க வேண்டும், எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. "என்ன அண்ணாச்சி, எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார்கள். கையில் கம்பியை வைத்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தேன். வேலை சரியாக நடந்தது.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். பொருள் இறங்கியதும் ஒரு பங்கு, தூண் ஊன்றி கான்கிரீட் இறுகியதும் ஒரு பங்கு. கடைசிப் பங்கில் பத்தில் ஒன்றை ஆடிக்காற்று அடங்கும் வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நேர்மையான வேலைக்காரர் அதற்கு ஒத்துக்கொள்வார். தூண் ஊன்றிய மறுநாளே வலையை இழுக்க விடாதீர்கள். பத்து நாளாவது தண்ணீர் ஊற்றி ஆறப்போட்ட பிறகே இழுக்க வேண்டும்.

ஆவணியில் காற்று குறைந்ததும் ஒரு நடை சுற்றி வந்து, தளர்ந்த கம்பியை முறுக்கிவிட்டு, நிறுத்தி வைத்த பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் கிளுவைப் போத்து வெட்டுகிறவரைக் கூப்பிட வேண்டும். கம்பி வேலிக்கு உள்ளே ஓரடி தள்ளி, முக்கால் அடிக்கு ஒன்று.